என் பேரில் இருந்த மோட்டார் சைக்கிள்

11-2-1974, திங்கள்

இன்று காலை என் வாசலில் இருந்தவர்கள்: நான், பேத்தி பொன்னாத்தாள், அவள் புருஷன் ஆறுமுகசாமி, தோட்டத்தில் கிணற்று மோட்டார் எடுத்துவிட்டுத் தண்ணீர் கட்டும் மாரப்பன், அவன் அம்மா ராசம்மாள், அப்புறம் போலீஸ்காரர் குட்டப்பன். நாளைக்கு எவராவது "நான் அங்க இல்லவே இல்ல" என்று சொல்லக் கூடாது. அதற்குத்தான் எழுதி வைக்கிறேன்.

போலீஸ்காரர் கொண்டுவந்த காகிதம் மலையாளத்தில் இருந்தது, எங்கள் ஊர் கேரளத்தில் அல்லவா. பொன்னாத்தாள் வாசித்தாள். காளிச்சாமி மனைவி ராமாத்தாள், அதாவது நான், வேலந்தாவளம் ரோட்டில் கண்மண் தெரியாத வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினேனாம்.

"அம்முச்சி, எனக்கும் கொஞ்சம் பழக்கி உடுங்க" என்றாள். மாரப்பன் சிரிப்பை அடக்க மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது.

குட்டப்பன் ஒரு போட்டோவை நீட்டினார். புளியமரத்தடியில் ஒரு போலீஸ் கைக்குட்டையை வீசுவாராம், பாலத்தில் ஒருவர் வாட்சைப் பார்த்து வேகத்தைக் கணக்குப் போடுவாராம், ஸ்டுடியோக்காரர் குடைக்குக் கீழே நின்று படம் பிடிப்பாராம். படத்தில் வண்டி நம்பர் பளிச்சென்று இருந்தது. ஓட்டுகிறவனுக்கு முதுகு மட்டும்தான், தலையில் துண்டு.

"வண்டி உங்க பேர்ல இருக்கு அம்மே. ஓட்டிச்சது ஆரு? ஸ்டேஷன்ல வந்து சொல்லணும்."

எல்லாரும் ஆறுமுகசாமியைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

12-2

வண்டி எப்படி என் பேரில் நின்றது? பொன்னாத்தாள் கல்யாணத்தில் நான் கொடுத்த சீர் அது. தாய் இல்லாத பிள்ளை, குறை வரக்கூடாது என்று நிலக்கடலை விற்று வாங்கினேன். மாலை போட்டுப் பொட்டு வைத்து, தட்டில் வெற்றிலையோடு சாவியைக் கொடுத்தாயிற்று. சபை பார்த்தது. அதற்குமேல் ஆபீசுக்குப் போய்ப் பேர் மாற்ற வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? கொடுத்த சீருக்கு யாராவது காகிதம் கேட்பார்களா?

அன்றைக்கு, "வண்டி பழைய மாடலாட்ட இருக்குது" என்று சொன்ன மாப்பிள்ளையின் பெரியம்மாளை நான் மறக்கவில்லை.

17-2, ஞாயிறு

பேத்தியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஆறுமுகசாமி ஒளிக்கவில்லை.

"நாந்தானுங்க ஓட்டுனேன். அதுக்கென்னங்க இப்ப? பால் சொசைட்டி எலெக்சன்ல நிக்கறனுங்க. கேசுன்னு பேர் வந்தா சிரிப்பாங்க. மாரப்பன் ஓட்டுனான்னு சொல்லிப்போடுங்க. வண்டியக் கழுவறது அவந்தானுங்களே."

"கழுவறவன் ஓட்டுனவன் ஆயிருவானுங்களா, மாப்பிள்ளை? அவனுக்கு அடுத்த மாசம் பஸ் ஓட்டற வேலை."

"பஸ்சு எங்கீங் போகுது? இன்னொரு வருசம் போகட்டுங்."

பொன்னாத்தாள் வாயே திறக்கவில்லை. என் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

18-2

கால் வலி. எழுத முடியவில்லை.

20-2, புதன்

மாரப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நம் டிராக்டரில் ஓட்டப் பழகினவன். கோயமுத்தூர் போகிற பஸ்ஸின் முதலாளி, "லைசென்ஸ் எடுத்துட்டு வா, கேஸ் கீஸ் மட்டும் இருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறாராம். அவன் சாதியில் இந்தப் பக்கத்தில் யாரும் இதுவரை ஸ்டியரிங் பிடித்ததில்லை.

"காக்கிச் சட்டைக்குத் துணி பார்த்து வச்சிருக்கறனுங்க ஆத்தா" என்றான்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். இருக்கிறதைச் சொல்லிவிடுகிறேன். பேத்தி நாலு நாள் பேசமாட்டாள். பேசாமல் போகட்டும்.

22-2, வெள்ளி

போனேன். வெயிலில் நடந்தே போனேன். மாப்பிள்ளை பேரைச் சொன்னேன், ஓங்கித்தான் சொன்னேன். குட்டப்பன் தலையைச் சொறிந்தார்.

"நேத்தைக்கே மாரப்பன் வந்து, நாந்தான்னு எழுதிக் கையொப்பு போட்டுட்டுப் போயாச்சே அம்மே."

"அவனில்லீங்க. அந்த முதுகப் பாருங்க, அவனுக்கு இந்த அகலமிருக்குதா?"

"முதுகு வச்சு கேசு நடக்குமா? ஒத்துக்கிட்டவன் இருக்கும்போது ஒத்துக்காதவனை எங்க போய்த் தேட?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். குடிக்க டீ வாங்கிக் கொடுத்தார்.

23-2

மாரப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை வரப்பில் குத்திக்கொண்டே நின்றான்.

"யார்ரா மிரட்டுனா? மாப்பிள்ளையா?"

"யாரும் மிரட்டலீங்க. சின்னாத்தா எங்கூட்டுக்கு வந்தாங்க."

பொன்னாத்தாளா! அவர்கள் தெருவுக்கு என் வீட்டிலிருந்து ஒருத்தரும் போனதில்லை.

"'தம்பி'ன்னு கூப்பிட்டாங்க. இத்தன வருசமா டேய்னுதானுங்களே கூப்புடுவாங்க. கோயில்ல திருநீறு கேக்கற மாதிரி எங்கம்மாகிட்டத் தண்ணி கேட்டு, எங்க சொம்புலயே குடிச்சாங்க. அதுக்கப்புறம் நான் எப்படிங்காத்தா மாட்டேங்கறது?"

 

18-3, திங்கள்

சித்தூர் கோர்ட்டில் மாரப்பன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். அபராதம். போட்டோவை யாரும் பார்க்கக்கூட இல்லையாம். பஸ்ஸுக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

5-4, வெள்ளி

ஆறுமுகசாமி சொசைட்டியில் ஜெயித்துவிட்டார். மாரப்பன் விடிகாலை பஸ்ஸில் தேவிகுளம் பக்கம் போய்விட்டான், எஸ்டேட் லாரியில் மூட்டை ஏற்ற. நான் எழுந்து பார்ப்பதற்குள் போய்விட்டான்.

ராசம்மாள் களை வெட்ட வந்தவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மகங்கிட்டச் சொல்லலீங்க ஆத்தா, உங்ககிட்டச் சொல்றேன்" என்றாள். அன்றைக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவள், தெருவைத் தாண்டினதும் வாய்க்காலில் இறங்கி, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனாளாம். ராசம்மாள் விறகோடு வேலிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் பேத்தி லட்டு டப்பாவோடு வந்து கதவைத் தட்டினாள். "அம்முச்சி, தூங்கீட்டீங்களா?" என்றாள். நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

குடைக்குக் கீழே நின்று படம் பிடித்தவர் தன் வேலையைச் செய்தார். ஆறுமுகசாமி ஊரான் வீட்டுப் பிள்ளை, என்றைக்காவது அவரோடு பேசினாலும் பேசுவேன். என் மடியில் போட்டு நான் வளர்த்தது ஒன்றே ஒன்று. அவளை மன்னிக்க மாட்டேன். பொன்னாத்தாளை.