குனியாமல் தள்ளிய கல்

பிரான்டன், மானிட்டோபா

அன்புத் தங்கை இஷ்பெல்லுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? மருந்தை வேளை தவறாமல் குடி.

சனிக்கிழமை கர்லிங் ஆட்டத்தில், பனியில் வட்டத்தை நோக்கிச் சறுக்கவிடும் கடைசிக் கல்லைத் தள்ளக் குனிந்தவள் பனித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை, முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. எதிரணித் தலைவி டோரீன், நின்றபடியே கல்லைத் தள்ளும் நீளக் கோலை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம். அது முடியாதவங்களுக்கு."

"சங்கத் தலைவியா சண்டை போட்டு, கோலால தள்ளலாம்னு விதியைக் கொண்டுவந்ததே நீங்கதானே? நாங்கல்லாம் கிழவிங்க, நீங்க மட்டும் குமரியாக்கும்!"

அரங்கமே சிரித்தது. மறுத்தால் என் அணி தோற்கும். கோலை வாங்கி, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பழக்கிய மாதிரி முதுகை நிமிர்த்தித் தள்ளினேன். கல் அவளுடைய கல்லை ஒதுக்கிவிட்டு நடுவட்டத்தில் நின்றது; ஆட்டம் எங்களுக்கு.

"கோலைக் கொடுத்து நானே கெட்டேனே!" என்றாள்.

இந்த ஆட்டத்தின் வழக்கப்படி, வென்றவர்தான் தோற்றவருக்குப் பானம் வாங்கித் தந்து, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதனால் ஆட்டமுள்ள நாளில் நான் தனியாகச் சாப்பிடுவதில்லை. இனி வாரம் மூன்று ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

உன்னிடம் இருக்கும், என்னவர் விட்டுப்போன கம்பளிக் கையுறையை அனுப்பு. எனக்குப் பெரிதுதான், பரவாயில்லை, கோல் சில்லிடுகிறது.

வாசலில் டோரீன் ஹாரன் அடிக்கிறாள். வருகிறேன்.

உன் அக்கா,
யூனா