முப்பத்தோராவது மல்யுத்தக்காரன்

செங்கலடி,
2025 ஜூலை 13, ஞாயிறு, காலை 6.40.
கையிருப்பு: ஐம்பதில் ஐம்பது.

அன்புள்ள அஸாம்,

நலம் விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை. மேலே உள்ள கணக்கைப் பார். தொண்ணூறு வருடத்துக்கு முந்தி சிகரட் பெட்டிக்குள் வந்த மல்யுத்தக்காரர் படங்கள், முழு வரிசையும் இப்போது என் மேசையில். டெக்னிக்கல் கொலிஜில் ஒன்றாகப் படிக்கும்போது இதற்காகத்தான் என்னை விசரன் என்றாய். எனக்குக் கிடைக்காத முப்பத்தோராம் நம்பர் உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது, போய் எடு என்று போன மாதம் நீயே சொன்னாய். நேற்றுப் பின்னேரம் ஏறாவூருக்குப் போனேன்.

முதலில் படம். உன் வாப்பா அதை லெமினேட் பண்ணி வைத்திருக்கிறார். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடி ஓடித் திரும்பிய எல்லாருக்கும் இந்தப் பழக்கம்தான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கலியாணப் பதிவு, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். மல்யுத்தக்காரனும் அதோடு போய்விட்டான். சூட்டில் ஒட்டினது. பிரித்தால் மீசையும் சேர்ந்து உரியும். சேர்க்கிறவர்களிடம் இதற்கு மதிப்புப் பூச்சியம். எனக்குப் பரவாயில்லை, வரிசையில் ஓட்டை அடைபட்டால் போதும்.

உன் உம்மா இலேசில் தரவில்லை. வாப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணின நாளிலிருந்து அது அவவின் தலைமாட்டில்தானாம். கலியாணம் பேசின காலத்தில் வாப்பா இந்தப் படத்தைத்தான் தரகரிடம் கொடுத்து, மாப்பிள்ளை இப்படித்தான் இருப்பார் என்று சொல்லி அனுப்பினாராம். ஆள் நேரில வந்து நிண்டா முருங்கைக்காய் மனே, என்று சொல்லிச் சிரித்தா. சிரிப்புப் பாதியில் நின்றது. உதடு நீலம். அலுமாரியிலிருந்து கதிரைக்கு நடந்ததற்கே அப்படி மூச்சு வாங்கியது. என்ன வருத்தம் என்று கேட்டேன். வாய்வு என்றா. வாய்வுக்கு உதடு நீலமாகாது, பொய் சொல்லாதீங்க உம்மா என்றேன். பிறகு சொன்னா.

இதயத்தில் ஒரு வால்வு பழுது. கண்டியில் ஒப்பரேஷன். இரண்டு தரம் திகதி கொடுத்தும் போகவில்லை. இனியும் தள்ளக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். உன் டோஹா கொன்ட்ராக்ட் டிசம்பரில் முடிகிறதாம், இடையில் வந்தால் கம்பனி திரும்ப எடுக்காதாம், அதுவரைக்கும் தாக்குப் பிடிப்பாவாம். ஏசியில் வால்வு ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும், பொறுத்தால் கொம்பிரசரும் சேர்ந்து போகும் என்று விளங்கப்படுத்தினேன். நான் என்ன நீ திருத்துற பாசிக்குடா ஹோட்டல் ஏசியா மனே என்றா.

அதுவரைக்கும் இறுக்கிப் பிடித்திருந்த படத்தை அப்போதுதான் என் கையில் வைத்தா. கொண்டு போ, அஸாமுக்கு மட்டும் சொல்லிராத என்றா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டா. படத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இன்று விடிய வரிசையில் வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் கடதாசி, இவன் மட்டும் மினுங்குகிறான். பிளாஸ்டிக்கின் ஒரு மூலையில் பெருவிரல் தேய்த்த மங்கல். துடைக்கப் போனேன், விட்டுவிட்டேன்.

போனில் சொன்னால் நீ உடனே உம்மாவுக்கு எடுப்பாய். அவ சிரிப்பா. நீ நம்பிவிடுவாய். அதனால் நாளைக்கு டோஹா திரும்புகிற நிலோஜன் கையில் இந்தக் கடிதம். கம்பனியோடு என்ன பேசுவாயோ அது உன் பாடு. நான் செய்யப்போவதைக் கீழே எழுதுகிறேன்.

1. இன்று காலையே படத்தைக் கொண்டுபோய் உம்மாவிடம் கொடுப்பது. உனக்கு எழுதிவிட்டேன் என்று சொல்லி ஏச்சு வாங்குவது.

2. செவ்வாய் லீவு போட்டு, அவவைக் கண்டிக்குக் கூட்டிப் போய்ப் புதுத் திகதி எடுப்பது. வரமாட்டேன் என்றாலும் வாடகை வான் வாசலில் நிற்கும்.

3. முப்பத்தோராம் இடத்தை வெறுமையாக விடுவது.

4. ஒப்பரேஷன் அன்று, மகன் யார் என்று தாதி வந்து கேட்டால் நான் எழும்புவது. நீ வந்து நின்றால் எழும்ப மாட்டேன். எனக்கு உட்கார்ந்திருக்கத்தான் விருப்பம்.

டிலக்சன்