கணக்கை விடச் சொன்ன அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை இங்கே யாரும் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியும் ஆவலும் எனக்கு அவ்வளவாக இல்லை.

உங்கள் மருமகளுக்கு, என் மகளுக்கு, பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வானிலைப் படிப்புக்குத்தான் கூட்டிப் போனேன். ஜன்னலில் இருந்த அம்மாள் மதிப்பெண்களைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு, "எல்லாம் நல்லா இருக்கு. கணக்கு எங்கம்மா?" என்று கேட்டார். கணக்குப் பாடம் எடுக்காதவர்களைச் சேர்ப்பதில்லையாம். இவள் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். நானும் பேருந்து நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க இடம் இல்லை, இல்லை என்று சொல்கிறவள்தான். ஆனால் அப்படி ஓர் இல்லையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

கணக்கு எங்கே போயிற்று என்று உங்களுக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு, இயற்பியல், புவியியல் என்று அவள் முடிவு செய்திருந்தாள். விடுமுறைக்கு வந்த நீங்கள் எங்கள் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மழை வருமான்னு சொல்ல ஒரு தவளை போதாதா? அதுக்கு ஒரு பட்டமா?" என்றீர்கள். வீடே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. "கணக்கை விட்டுட்டு உயிரியல் எடுக்கட்டும். டாக்டராக்குறது என் பொறுப்பு" என்றீர்கள். நீங்கள் டாக்டர். உங்கள் பேச்சுக்கு இந்த வீட்டில் மறுபேச்சு ஏது? இவளுடைய அப்பா மறுநாளே பள்ளிக்குப் போய்ப் பாடத்தை மாற்றிவிட்டு வந்தார். ஆய்வுக்கூடத்தில் எலியை அறுத்த அன்றெல்லாம் பிள்ளை சோற்றைத் தொடவில்லை. பன்னிரண்டு முடித்ததும், டாக்டர் வேண்டாம், வானிலைதான் என்றாள்.

விஷயத்தைப் போனில் சொன்னபோது, "சரி விடு, நர்சிங்ல போட்டுடு, நான் ஒரு வார்த்தை சொல்றேன்" என்றீர்கள். உங்கள் ஒரு வார்த்தையால் பட்டது போதும் அண்ணா.

பிறகு அவளே பள்ளிக்குப் போனாள். கணக்கு எடுத்து மறுபடியும் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன் என்று கேட்டாளாம். தலைமையாசிரியை, "சின்னப் பிள்ளைங்களோட உட்காரணுமே, பரவாயில்லையா?" என்றிருக்கிறார். "முட்டி இடிக்காத பென்ச்சா குடுங்க டீச்சர்" என்றாளாம்.

முதல் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்று. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து அதே கணக்கை மறுபடி போட்டாள். இவளுடைய அப்பா விளக்கைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

இதற்கு நடுவில்தான் குடும்பக் குழுவில் நீங்கள் எழுதினீர்கள்: "பாஸானவ பெயிலானவ மாதிரி திரும்பிப் போறா. வளர்ப்பு அப்படி." அதை அவள் படித்தாள். குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள்.

வளர்த்தவள் நான். பதிலை நான்தான் எழுத வேண்டும். அவள் படிப்பைப் பற்றி இனி யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவளைப் போனில் கூப்பிடவும் வேண்டாம். உங்களைச் சமாதானப்படுத்த அவளுக்கு நேரமில்லை. என்றைக்காவது அவளாகவே கூப்பிட்டால் மட்டும் எடுங்கள். எடுத்து, அவள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்களுக்கும் அதையே எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தங்கை