தட்டைப்புழுவின் தொண்டைப் படம்

ஜூலை 8, திங்கள்

எட்டு மாத வேலை. திருமுக்கூடல் ஆற்றுக் கல்லுக்கடியில் ஈரல் துண்டு வைத்துப் பிடித்த தட்டைப்புழுக்கள். தொண்டையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, தசை நரம்பு எல்லாவற்றையும் ஒரே படமாக வரைந்து ஆய்வேட்டுக்குக் கொடுத்தால், கைடு சிட்டிபாபு சார் அதை லேபில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டுகிறார். "என்னம்மா துர்கா, இது புழுவா, புடவையா? தறிக்காரங்க வீட்டுப் புத்தி எங்க போவும்!"

பக்கத்து மேசையில் ஆய்வு செய்யும் என் தோழி துளசிகூடச் சிரித்தாள்.

நீளத்தசையும் வளையத்தசையும் தனித்தனி அடுக்காம், நான் ஒன்றோடொன்று பின்னி வைத்திருக்கிறேனாம். கண்ணால் பார்த்ததைத்தானே வரைந்தேன்?

ஜூலை 9

இன்னும் ஆறவில்லை. வீட்டில் ஓடுகிற தறிதான் என்னைப் படிக்க வைத்தது. அதைச் சொல்லி ஏளனம் பண்ண இவர் யார்? படத்தை மாற்ற மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். மாற்றாவிட்டால் கையெழுத்து கிடையாதாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். போகட்டுமே!

ஜூலை 10

தனியாக வெட்டியெடுத்த தொண்டை ஒன்று, உடம்பே இல்லாமல், ஈரலை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கென்று நரம்பு வலை இருக்கிறது, மூளை தேவையில்லை. சார் ஞாபகம்தான் வந்தது.

ஜூலை 11

காலையில் அருள் அண்ணன் தறியில் உட்கார்ந்ததும் போனில் ஸ்லைடு போட்டோவைக் காட்டினேன். எனக்காகப் பேச ஒரு ஆளாவது வேண்டாமா? பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நெடுக்க ஓடுற பாவு இருக்குது, குறுக்க ஓடுற ஊடையும் இருக்குது. ஆனா ஊடை பாவுக்குக் கீழ எங்க எறங்குது? சும்மா மேல கெடக்குது. இத்த இழுத்தா தனியா வந்துரும். யாரு சொன்னது இது நெசவுன்னு?"

நான்தான்.

லேபுக்கு ஓடி ஏழு ஸ்லைடையும் பார்த்தேன். ஒரு இழைகூட மேலேறிக் கீழிறங்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கண்டதுமே என் கை தானாகப் பின்னிவிட்டது. சே! அந்த வெட்டின தொண்டையைப் பற்றி நேற்று எழுதியது — எனக்கே பொருந்துகிறது.

ஜூலை 12

புதுப் படம் கொடுத்தேன். தசைகள் தனித்தனி அடுக்கு, நடுவே நரம்பு வலை.

"படம் தப்புதான் சார். ஆனா தறியப் பத்திச் சொன்னது அதவிடத் தப்பு. என் தப்பக் கண்டுபிடிச்சதே எங்க அண்ணன்தான், தறியில உக்காந்துக்கினு."

சார் கையெழுத்துப் போட்டார். பிறகு துளசியைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை இங்க இருந்தவங்க எல்லாரையும் வரச் சொல்லும்மா."