மூன்று பேர், ஒரே கை

மலைமடம், 3 பிப்ரவரி 1974

அன்புள்ள தொனாத்தோ,

சுகம். என் சமையலிலிருந்து தப்பித்த நீயும் சுகமாகத்தான் இருப்பாய். ஈஸ்டருக்குள் வீடு திரும்புவதாகச் சொல்லியிருந்தேன். இந்த ஆயிரத்து இருநூறு வருஷத்து லத்தீன் ஏடு விடமாட்டேன் என்கிறது. எந்த ஊரில் எழுதியது என்று கண்டுபிடித்தாக வேண்டும். எழுதியவர்கள் மூவர்: ஓர் அயர்லாந்துக்காரன், ஒரு வடக்கத்தியான், நம் தென்னித்தாலிக்காரன் ஒருவன். தொடங்கும்போது அவரவர் ஊர்க் கையெழுத்து. நாலு பக்கம் தாண்டினால் மூன்றும் ஒரே கை!

ஒவ்வோர் எழுத்தையும் எந்தத் திசையில் இழுத்து எழுதினார்கள் என்று அறிய, வாத்து இறகால் அதை அப்படியே எழுதிப் பார்க்கிறேன். பழங்கையெழுத்து ஆராயும் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். நூலகத் துறவி தொன் சபீனோதான் திட்டுகிறார். "படிச்சுட்டுப் போம்மா, எழுதிப் பாக்காதே. எழுதுனவங்க யாரும் இந்த மலையை விட்டு இறங்கலே." கிழவருக்கு எப்போதும் விளையாட்டு.

உன் எர்சீலியா

பாரி, 20 பிப்ரவரி

என் எர்சீலியாவுக்கு,

டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து மருந்து கொடுத்துப் பிழைப்பவன் நான். உன் கடிதத்தைப் படிக்கத் திணறிவிட்டேன். இது உன் கையெழுத்தே இல்லை. தபால்காரர்கூட, "யாருண்ணே இது, சாமியாரா எழுதுறாரு?" என்றார். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பயமாக இருக்கிறது. ஏடும் வேண்டாம், பேர்புகழும் வேண்டாம். இறகைப் போட்டுவிட்டு வந்துவிடு. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

தொனாத்தோ

மலைமடம், 9 மார்ச்

தொனாத்தோ,

பயப்படாதே. எந்த ஊர் என்று நான் கேட்டதே தப்பு. இங்கே வந்தவர்களுக்கு ஊர் கிடையாது. ஏட்டின் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. இன்று பார்த்தால் பாதி நிரம்பியிருக்கிறது. முதல் வரிகள் பள்ளியில் நான் பழகிய கையெழுத்து. பிறகு அந்த மூவரின் ஒரே கை. மை இன்னும் காயவில்லை. நான் எழுதியதாக நினைவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன்.

பாரி, 2 ஏப்ரல்

எர்சீலியா,

பெயர்கூடப் போடாமல் அனுப்பிவிட்டாய். கடிதம் மேல் கடிதம் போட்டும் பதில் இல்லை. உன்னைக் கையோடு அழைத்துவர டிக்கெட் எடுத்தேன். கிளம்பும் முன் உன் கடைசிக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட நினைத்தேன். பாதி புரியவில்லை. அதனால் உன் வழியையே பிடித்தேன். கடையைச் சாத்திவிட்டு வரி வரியாக எழுதிப் பார்த்தேன். முதலில் கை வலித்தது. பிறகு வலிக்கவில்லை. நீ சொல்ல வந்தது இப்போது புரிகிறது. அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் வருகிறேன். அழைத்துப்போக அல்ல. எனக்கும் ஓர் இறகு சீவி வை.

உறையைப் பார்த்து, நீயே உனக்கு எழுதிக்கொண்டதாக நினைத்துவிடாதே. எழுதியது நான்தான்.

தொனாத்தோ