விழுங்கினால்தானே குடி

நெருப்பெரிச்சல்,
5.5.2025

அன்புள்ள சுதாவுக்கு,

நலம். நீயும் பரணிப் பாப்பாவும் கணியூரில் அத்தை சமையலில் தெம்பாக இருப்பீர்கள். போனில் பேச்சு வேண்டாம், எழுதுங்கள் என்றாய், எழுதுகிறேன். குடிக்க மாட்டேன் என்று முருகன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டதிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

அடுத்தவர் சொல்லி உன் காதில் விழுமுன் நானே சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் ஒயின் கிளப் நடத்துகிறார்கள். எங்கள் முதலாளி திருமூர்த்தி அண்ணன் என்னையும் அழைத்துப்போனார். கிரீஸ், சைப்ரஸ், லெபனான் என்று இங்கே யாரும் கேள்விப்படாத ஒயின்கள். வாயில் ஊற்றிக் கொப்பளித்து வாளியில் துப்ப வேண்டும், அதுதான் ருசி பார்க்கும் முறை. கிரீஸ் ஒயினில் பைன் மரப் பிசின் வாசனை இருப்பதை நான்தான் முதலில் சொன்னேன். "ஏப்பா செந்திலு, மூக்கா அது, மெஷினா?" என்றார் அண்ணன். விழுங்கினால்தானே குடி? கயிறு கையில் அப்படியே இருக்கிறது.

உன்
செந்தில்வேல்

கணியூர்,
9.5.2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் மூக்கைப் பாராட்ட ஆள் கிடைத்ததில் சந்தோஷம். என் மூக்கும் லேசுப்பட்டதல்ல, கதவைத் திறந்ததுமே பிராண்டைச் சொன்னவள் நான்.

கிண்டல் போகட்டும், எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்குப் பூசாரி, "இனி வாயில வெக்கமாட்டேன்னு சொல்லுங்க சாமி" என்றார். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். துப்பினால் பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கிளப்பை விட்டுவிட்டு, பள்ளி திறக்குமுன் வந்து எங்களைக் கூட்டிப்போங்கள். பரணி, "அப்பா எப்பம்மா வருவாங்க?" என்று துணிப்பையை வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

உங்கள்
சுதா

நெருப்பெரிச்சல்,
18.5.2025

அன்புள்ள சுதாவுக்கு,

இன்று வர நினைத்து முடியாமல் போயிற்று, கோபித்துக்கொள்ளாதே. நேற்று கிளப்புக்குக் கடைசித் தடவையாகப் போனேன், அண்ணன் பேச்சைத் தட்ட முடியவில்லை. லெபனான் சிவப்பு ஒயின். நாக்கில் நெல்லிக்காய்த் துவர்ப்பு. இறங்கும்போது மிளகு ரசம் மாதிரி கதகதப்பாக நெஞ்சுவரை நிற்கிறது. வழக்கம்போலத் துப்பிவிட்டேன். காலையில் எழத் தாமதமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு நிச்சயம் வருகிறேன்.

உன்
செந்தில்வேல்

கணியூர்,
22.5.2025

அன்பு மாமாவுக்கு,

துப்பிய ஒயின் நெஞ்சுவரை கதகதப்பாக நிற்காது. சண்டை போட இதை எழுதவில்லை. நீங்கள் என்னிடம் பொய் சொன்னதாகக்கூட நினைக்கவில்லை. துப்பிவிட்டதாக நீங்களே நம்புகிறீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பரணியை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டேன். அவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். காலை நேரமாகப் பார்த்து வாருங்கள்.

ஜெயசுதா