கல்யாணத்துக்குக் கொடுத்த கார்

அக். 24, வெள்ளி
காலையிலிருந்தே தூறல். வாங்க வேண்டியது: ஏலக்காய் மூட்டைக்குத் தார்ப்பாய், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் மறுபடி பிரேக் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக. பெடல் மெத்தென்று கீழே போகிறது, இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கிறது. மழையில் ஹெட்லைட்டும் அணைந்து அணைந்து எரிகிறது. தேனி மெக்கானிக் போனில்: "பழைய ஜெர்மன் வண்டிண்ணே. சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரணும். அதுவரைக்கும் மலை ஏத்தாதீக." சரி என்றேன். குமுளி எஸ்டேட்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

அக். 25, சனி
ராயப்பன்பட்டி சேவியர் வாத்தியார் வந்தார். புதன்கிழமை மகள் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் மலைமேல் குமுளி, மாதா கோயிலும் அங்கேதான். "பொண்ணு மாப்பிள்ள உங்க கார்லதான் வரணும்னு வீட்ல ஆசப்படுறாக."

கல்யாணத்துக்குக் கேட்ட வண்டியை இல்லை என்றால் இந்தப் பக்கம் அதற்குப் பெயர் வயிற்றெரிச்சல். பிரேக் சரியில்லை என்றாலும் சாக்கு என்பார்கள். போன மாதம்தான் டீக்கடையில் என் வண்டி தங்கம் என்று பீற்றியிருந்தேன். எடுத்துக்கிடுங்க என்றுவிட்டேன். மனைவி செல்வி உள்ளேயிருந்து ஒரு பார்வை பார்த்தாள்.

அக். 28, செவ்வாய்
வண்டி கழுவியாயிற்று. பிரேக் ஆயில் நானே ஊற்றினேன். விளக்கு அணையவில்லை. கல்யாண வண்டியில் சிவப்பு விளக்கா என்று செல்வியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். பெரிய கறுப்புப் பொட்டு. கச்சிதமாக மறைந்தது.

ஓட்டப்போவது அருள். வாத்தியாரின் அண்ணன் மகன், ஸ்கூல் வேன் டிரைவர். "மெதுவாப் போப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அக். 29, புதன்
மழை. சாயங்காலம் போன். கல்யாணம் முடிந்து குமுளி மலையில் இறங்கும்போது, லோயர் கேம்புக்கு மேலே ஒரு வளைவில் வண்டி நிற்கவில்லை. அருள் மலைப்பக்கமாக ஒடித்து ரோட்டோர ஓடையில் இறக்கிவிட்டான். மறுபக்கம் பள்ளம். பெண்ணுக்கு நெற்றியில் தையல். அருளுக்கு மணிக்கட்டு முறிவு. மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

நான் செய்தது இது.

அக். 31, வெள்ளி
வாத்தியார் வந்தார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே நாற்காலி போட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். "தங்கமான வண்டி. இந்தப் பய குடிச்சிட்டு இடிச்சிட்டான். கேட்டா லைட்டு போச்சு, பிரேக்கு பிடிக்கலைங்கிறான். யாரு நம்புவா?" பள்ளிக்கூடத்திலும் இனி வேன் எடுக்காதே என்றுவிட்டார்களாம்.

அருள் குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். வாத்தியாருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். சீ.

நவ. 1, சனி
அருள் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு. எல்லாம் சொன்னேன், பொட்டு உட்பட.

"அந்தப் பொட்ட அன்னைக்குக் காலையிலயே பார்த்துட்டேண்ணே. பெடலும் சரியில்லைனு தெரிஞ்சிச்சு."

"பெறகு ஏன்ப்பா எடுத்த?"

"பொண்ணு ஏறி உக்காந்துருச்சு. நல்ல நாளும் அதுவுமா பிரேக் இல்லைனு எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லல."

கோபமே இல்லை அவனிடம். அடித்திருந்தால் தேவலை. "வேன் மட்டும் வேணும்ணே" என்றான்.

நவ. 3, திங்கள்
வெயில். பள்ளிக்கூடம். தலைமை சிஸ்டர் அறையில் வாத்தியாரும் இருந்தார். பழுது என்று தெரிந்தே கொடுத்தேன், அருள் குடிக்கவில்லை என்றேன். கை சரியானதும் அருள் வேன் எடுக்கட்டும் என்றார் சிஸ்டர்.

வாத்தியார் கேட் வரை கூட வந்தார். "இல்லைனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அம்புட்டுத்தான?"

மகளுக்கு இன்று கம்பம் ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்கிறார்களாம். ஆட்டோவாவது சொல்லட்டுமா என்றேன்.

"வேணாம். பஸ்ல போயிக்கிடுறோம்" என்றார்.